வாய்தாக் கல்லூரி

நீராவியக்காவுக்குச் சட்டம் படிக்கும் ஆசை வந்ததே ஒரு வக்கீலின் முதுகைப் பார்த்துத்தான்.

அவள் தங்கை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். விரிப்பு மடிக்கும் இயந்திரத்தில் கை சிக்கி மூன்று விரல்கள் போய்விட்டன. நஷ்டஈட்டு வழக்கு நடந்துகொண்டிருந்தது, அதாவது நடக்காமல் இருந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அக்காவும் தங்கையும் கோர்ட்டு வராந்தாவில் கால் கடுக்க நிற்பார்கள். வக்கீல் உள்ளே போவார், போன சூட்டோடு வெளியே வருவார். "வாய்தா வாங்கிட்டேன்ம்மா" என்பார், என்னவோ இவர்களுக்காக வரிசையில் முண்டியடித்துச் சர்க்கரை வாங்கி வந்தவர் போல. அப்புறம் முதுகைக் காட்டிக்கொண்டு காபி குடிக்கப் போய்விடுவார்.

"இந்த ஆளுக்குப் பதிலா நானே நிக்கலாம்டி. பேசத் தெரியுதோ இல்லையோ, கூப்பிட்டா இருப்பேன்ல?" என்றாள் நீராவியக்கா.

"நீ நின்னா ஜட்ஜே வாய்தா கேப்பாருக்கா" என்றாள் தங்கை.

நீராவியக்கா என்பது, அவளும் வேலை பார்த்த அந்தச் சலவைக்கூடம் வைத்த பெயர். பாதி அவள் ஓட்டிய நீராவி இஸ்திரி இயந்திரத்துக்காக, மீதி அவள் கோபத்துக்காக. தபாலில் படித்து வாங்கிய பட்டம் ஒன்று பெட்டிக்கடியில் கிடந்தது. அதைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு ஒரு நாள் கிளம்பிவிட்டாள்.

ஊரில் உழைக்கும் மக்களுக்கென்றே ஒரு மாலைநேரச் சட்டக் கல்லூரி இருந்தது. சேர்க்கை உத்தரவு போடப்படும் நாளில் நாற்பது வயது நிரம்பியிருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. அக்காவுக்கு நாற்பது பிறக்க ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பாக்கி இருந்தன. ஒரு பெண்ணைக் கல்லூரியில் சேர்க்க இவ்வளவு காலம் தாராளமாகப் போதும் என்று யாரும் நினைப்பார்கள். அவளும் நினைத்தாள்.

மாலையில் வேலை முடிந்து போனால் கல்லூரி அலுவலகம் பூட்டிக் கிடந்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டுக் காலையில் போனாள்.

"வகுப்பு மட்டும்தான் சாயங்காலம். சேர்க்கை வேலையெல்லாம் காலையிலதான்" என்றார் குமாஸ்தா. காதில் ஒரு பேனா, கையில் ஒரு பேனா, எழுதுவதற்கு இரண்டையும் பயன்படுத்தாதவர்.

"வேலைக்குப் போறவங்க காலையில எப்படிங்க வருவாங்க?"

"அதைத்தானேம்மா நாங்க சோதிக்கிறோம்? வர முடியாதவங்களுக்கு ஆர்வம் இல்லைன்னு அர்த்தம். வந்துட்டவங்களுக்கு வேலை இல்லைன்னு சந்தேகம்."

இங்கே விண்ணப்பம் என்ற சாதாரணச் சமாச்சாரம் கிடையாது என்றும் அவர் விளக்கினார். மனுத்தான் போட வேண்டும். மனுவை முதல்வரும் இரண்டு பேராசிரியர்களும் கொண்ட அமர்வு விசாரிக்கும். சட்டம் படிக்க வருகிறவர்கள் வாசலிலேயே சட்டத்தின் மணத்தை நுகர வேண்டும் என்பது கல்லூரியின் கொள்கை. அமர்வின் முன் மனுதாரர் வாயைத் திறக்கக் கூடாது. அவர் சார்பில் ஒரு வக்கீல்தான் பேச வேண்டும்.

"வக்கீல் ஆகறதுக்குத்தானே சார் நானே வந்திருக்கேன்?"

"ஆனதுக்கப்புறம் பேசுங்க, யாரு வேணாங்கறா?"

வக்கீலுக்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. எதிர்ச் சாரியில், செருப்புக் கடை மாடியில், நுழைவுப் பயிற்சி நிலையம் இருந்தது. அதை நடத்திய வாத்தியார் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர். மாலையில் பயிற்சி கொடுப்பார், பயிற்சி பெறுகிறவர்களுக்காகப் பகலில் அமர்விலும் நிற்பார். கறுப்பு அங்கியைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. அக்காவுடன் ஒரு தீயணைப்பு வீரரும் ஒரு மருந்துக்கடைக்காரரும் அங்கே சேர்ந்தார்கள்.

முதல் நாள் வாத்தியார் கேட்டார்: "சட்டத்துக்கு உயிர்நாடி எது?"

"நியாயம்" என்றாள் அக்கா.

"சின்னப்பிள்ளை மாதிரி பேசக் கூடாது. உயிர்நாடி, உக்காந்திருக்கறது."

முதல் வாரம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சுக்கு முதுகுச் சாய்வு கிடையாது, அது பாடத்திட்டம். இரண்டாவது வாரம் எழுந்து நிற்பது. நீதிமான்களின் முகம் தெரிந்தபின் எழுந்தால் அவமரியாதை, செருப்புச் சத்தம் கேட்டதும் எழ வேண்டும். மூன்றாவது வாரம் சிரிப்பு. அமர்வு நகைச்சுவையாகப் பேசினால் பல் தெரிய வேண்டும், சத்தம் வரக் கூடாது. அக்காவுக்குச் சத்தமும் வரவில்லை, பல்லும் தெரியவில்லை. வாத்தியார் அவளைத் தனியாக நிறுத்தி வைத்துப் பழக்கினார். தீயணைப்பு வீரர் பாதியிலேயே கழிக்கப்பட்டார். கீழே செருப்புக் கடையில் மணி அடிக்கும்போதெல்லாம் அவர் எழுந்து ஓடினார். "இவ்வளவு அவசரம் சட்டத்துக்கு ஆகாது" என்று அவருக்கு வாத்தியார் கைகுலுக்கி விடை கொடுத்தார்.

முதல் அமர்வுக்கு அக்கா புதுப் புடவை கட்டிக்கொண்டு போனாள். உயரமான மண்டபம். சுவரில் நிறுவனரின் படம், அதன் கீழே கொட்டை எழுத்தில் அவருடைய பொன்மொழி: "கேட்டவருக்கு வாய்தா மறுக்கப்படாது." முதல்வர் அதைக் காட்டி ஒரு சிற்றுரை ஆற்றினார்.

"எங்க நிறுவனர் வாழ்நாள் முழுக்க வக்கீலா இருந்தார். ஒரு வழக்குல கூட அவர் தோத்ததில்லை. ஏன்னா ஒரு வழக்கையும் அவர் முடிய விட்டதில்லை. அந்த மரபை நாங்க கட்டிக் காப்பாத்திட்டு வர்றோம். இந்த மண்டபம் கட்டின நாள்லேருந்து, வாய்தா கேட்டு இல்லைன்னு சொல்லப்பட்டவர் ஒருத்தர் கிடையாது."

பேராசிரியர்கள் மேசையைத் தட்டினார்கள். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மின்விசிறி சத்தம் போடுவதாகச் சொல்லி முதல்வர் அடுத்த மாதத்துக்கு வாய்தா போட்டார்.

அடுத்த மாதம் விசிறி ஓடவே இல்லை. ஆனால் சாட்சியச் சட்டப் பேராசிரியருக்கு ஜலதோஷம். மூக்கடைத்திருக்கும்போது உண்மையை மோப்பம் பிடிக்க முடியாது என்று அவரே எழுந்து வருத்தம் தெரிவித்தார். வாய்தா. அதற்கடுத்த மாதம்தான் நீராவியக்காவின் மனு கையில் எடுக்கப்பட்டது. உழைக்கும் மக்களுக்கான இடம் என்பதால் அவள் உழைக்கிறாள் என்று நிரூபிக்க வேண்டும்.

வாத்தியார் சம்பளச் சீட்டை நீட்டினார்.

"இது சம்பளம் வாங்கறதுக்குத்தான் அத்தாட்சி" என்றார் முதல்வர். "சம்பளம் வாங்கறதுக்கும் வேலை செய்யறதுக்கும் என்ன சம்பந்தம்? எங்களையே எடுத்துக்குங்களேன்."

பேராசிரியர்கள் இருவரும் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். இது நகைச்சுவையா இல்லையா என்று தெரியாமல் வாத்தியார் பாதிப் பல்லைக் காட்டினார்.

மேலாளரின் கடிதம் கொடுக்கப்பட்டது. மேலாளரை நேரில் கூட்டி வந்தாலொழிய அது வெறும் காகிதம் என்றார்கள். அவர் வர மாட்டார் என்று சொன்னபோது, அப்படியானால் உழைப்பையே கொண்டு வரட்டும் என்று உத்தரவானது. அக்கா ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டு, தானே துவைத்து இஸ்திரி போட்ட படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்துப் போனாள். அமர்வு அதைத் தடவிப் பார்த்தது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. தூங்கிக்கொண்டிருந்த இரண்டாவது பேராசிரியர் விழித்து முகர்ந்தும் பார்த்தார். சான்றுப் பொருள் என்று முத்திரை குத்தி உள்ளே கொண்டுபோனார்கள். அடுத்த அமர்வில் அது அவர்கள் மேசைமேல் விரிப்பாகக் கிடந்தது, மூலையில் டீக் கறையோடு.

"அது ஆஸ்பத்திரிச் சொத்துங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாத்தியாரின் காதில் சொன்னாள் அக்கா.

"வழக்கு முடிஞ்சதும் திருப்பித் தந்துடுவாங்க."

"எப்ப முடியும்?"

இப்படியும் ஒரு கேள்வியா என்பதுபோல வாத்தியார் அவளைப் பார்த்தார்.

ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு லீவு. சலவைக்கூட மேலாளர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். விரிப்பும் திரும்பி வராததால், இஸ்திரி இயந்திரத்திலிருந்து அவளை இறக்கி அழுக்குத் துணி பிரிக்கும் இடத்துக்கு அனுப்பினார். ரத்தமும் வாந்தியுமாக மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம் அது. முழங்கை வரை ரப்பர் உறை போட்டுக்கொண்டு, வார்டு வாரியாகப் பிரித்துப் போட வேண்டும். முதல் நாள் வீட்டுக்கு வந்து அவள் சோறு சாப்பிடவில்லை.

"விட்டுத் தொலையேன்" என்றார் பஸ் ஓட்டும் கணவர். "நான் சிக்னல்ல நிக்கறதைவிட நீ அங்க அதிகமா நிக்கறே. எனக்காவது பச்சை விழும்."

"விட்டா அவ கைக்கு யாருங்க நிப்பா?" என்றாள் அவள். கணவர் அடுத்த அமர்வு நாளில் தன் பஸ்ஸிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

அன்று நுழைவுத் தேர்வு. வினாத்தாளில் ஒரே கேள்வி: "இத்தேர்வை ஏன் ஒத்திவைக்க வேண்டும்? தக்க காரணங்களுடன் விரிவாக எழுதுக." அக்கா ஒத்திவைக்கத் தேவையில்லை என்று ஒரே வரி எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தாள். மருந்துக்கடைக்காரர் கூடுதல் தாள் வாங்கி வாங்கி எழுதினார். அவருடைய வாதத்தைப் படித்துப் பார்த்த அமர்வு மனம் உருகித் தேர்வையே ஒத்திவைத்துவிட்டது.

மழை வந்தது, நின்றது. ஆஸ்பத்திரி உடைமாற்றும் அறையில் கூடவேலை செய்யும் பெண்கள் ஒரு சின்ன கேக்கை வெட்டி நீராவியக்காவின் வாயில் திணித்தார்கள். நாற்பது. அவள் கேக்கை விழுங்கிவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அதற்குப்பின் வந்த அமர்வில் கல்லூரிக்குத் திடீரென்று சுறுசுறுப்பு பிடித்துக்கொண்டது. ஆண்டு முடியப் போகிறது, பட்டியலை மூடியாக வேண்டும். ஒத்திப்போன தேர்வை எல்லோரும் எழுதியதாகவே வைத்துக்கொண்டு, வரிசையாக மனுக்களைத் தீர்த்துத் தள்ளினார்கள். மருந்துக்கடைக்காரருக்கு இடம் கிடைத்தது, முதல் மாணவர் என்ற பாராட்டும் கிடைத்தது. கடைசியாக நீராவியக்காவின் மனு.

முதல்வர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மனுதாரர் தகுதியானவர். உழைக்கிறார். விரிப்பைப் பார்த்தாலே தெரியுது, நாங்க தினமும் பார்க்கிறோம். ஆனா உத்தரவு போடற இன்னைக்கு நாற்பது நிரம்பிடுச்சு."

"கனம் முதல்வர் அவர்களே, மனுப் போட்டப்போ நிரம்பலை. தாமதம்..." என்று இழுத்தார் வாத்தியார்.

"தாமதம் எங்களுடையதுதான். நாங்க மறுக்கலையே? ஆனா வயசு அவங்களுடையதில்லையா? தாமதத்துக்கு எங்களைப் பொறுப்பாக்கலாம், வயசுக்கு எங்களை எப்படிப் பொறுப்பாக்க முடியும்?"

சாட்சியச் சட்டப் பேராசிரியர் 'ஆஹா' என்றார். இரண்டாவது பேராசிரியர் தூக்கத்திலேயே மேசையைத் தட்டினார். எந்த உத்தரவு வந்தாலும் குனிந்து நன்றி சொல்வது மண்டப வழக்கம், வாத்தியார் அதற்காக இடுப்பை வளைக்க ஆரம்பித்துவிட்டார்.

அக்காவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. கத்தலாம். கத்தினால் காவலாளி வந்து வெளியே தள்ளுவான், பட்டியலை மூடிவிடுவார்கள். சுவரில் நிறுவனரின் பொன்மொழியைப் பார்த்தாள். வாத்தியாரின் அங்கியைப் பிடித்து, வளைந்த ஆளை நேராக இழுத்தாள்.

"வாய்தா கேளுங்க."

"என்னது?"

"உங்களுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே. கேளுங்க!"

வாத்தியாரின் முகம் அப்படி மலர்ந்து அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. நியாயம் கேட்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் மனிதர், வாய்தா என்றதும் அரை அடி உயர்ந்துவிட்டார். "கனம் அமர்வு அவர்களே! மனுதாரருடைய வக்கீலாகிய எனக்கு இந்த நிமிஷம் தாங்க முடியாத தலைவலி. வாய்தா வேண்டிக்கறேன்."

"கொடுத்தாச்சு" என்றார் முதல்வர்.

வாய் சொன்னபிறகுதான் மூளை வந்து சேர்ந்தது. குமாஸ்தா குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். முதல்வர் நிறுவனரின் படத்தை நிமிர்ந்து பார்த்தார், முகம் வெளிறிவிட்டது. ஒரு மனு நிலுவையில் இருந்தாலும் பட்டியலை மூட முடியாது. பட்டியல் மூடாமல் வகுப்பு தொடங்க முடியாது. இதுவும் அவர்கள் கட்டிக் காப்பாற்றிய மரபுதான்.

அடுத்த அமர்வில் வாத்தியாருக்குப் பல்வலி. கொடுத்தாச்சு. அதற்கடுத்ததில் அவருடைய மச்சினர் வீடு மாறுகிறார். கொடுத்தாச்சு. இன்னொன்றில், வேறொரு இடத்தில் வாய்தா கேட்கப் போக வேண்டியிருந்ததால் இங்கே வர முடியவில்லை என்று சொல்லி அனுப்பினார். அந்தக் காரணத்தின் அழகில் முதல்வரே ஒரு கணம் தன் கஷ்டத்தை மறந்து சொக்கிப்போனாராம். நீராவியக்கா லீவு போடவே இல்லை. ஒழுங்காக வேலைக்குப் போய் வந்தாள். வாய்தா வாங்க மனுதாரர் வர வேண்டியதில்லை என்பது தங்கையின் வழக்கிலேயே அவளுக்குத் தெரிந்ததுதான்.

கல்லூரி திண்டாடியது. இடம் கிடைத்தவர்கள் மாலை தோறும் வந்து பூட்டிய வகுப்பறை வாசலில் நின்று திட்டினார்கள். மருந்துக்கடைக்காரர்கூட, "ஒரு அளவு வேணாமாய்யா?" என்று கேட்டுவிட்டார். இந்தப் பருவத்துக்குள் வகுப்பு தொடங்காவிட்டால் மாலைப் பிரிவையே மூடிவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து ஓலை வந்தது. பிரிவு போனால் முதல்வரின் நாற்காலியும் போகும்.

ஒரு பிற்பகலில் முதல்வர் சலவைக்கூடத்துக்கே வந்துவிட்டார். அழுக்குத் துணி பிரிக்கும் இடத்துக்கு யாரோ வழிகாட்டிவிட்டார்கள். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, எதன்மேலும் அங்கி பட்டுவிடாமல் இரு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். மூக்கைப் பொத்தினால் அங்கி தொங்கியது, அங்கியைப் பிடித்தால் மூக்கு திறந்தது.

"உக்காருங்க சார்" என்று ஒரு மூட்டையைக் காட்டினாள் அக்கா. "அது குழந்தைங்க வார்டு. கொஞ்சம் தேவலாம்."

அவர் நின்றுகொண்டே பேசினார். "இப்படி ஒரு கல்லூரியையே நிறுத்தி வைக்கிறது நியாயமாம்மா?"

"நியாயத்தைப் பத்தி எங்க வாத்தியார் பாடம் எடுக்கலைங்களே."

"மனுவை வாபஸ் வாங்கிக்குங்க."

"மாட்டேன்."

முதல்வர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரி. இடம் தந்துடறேன். வயசைக் கண்டுக்காம விடறதுக்கு முதல்வருக்குத் தனி அதிகாரம் இருக்கு."

அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. "அன்னைக்கு இல்லையா சார், அந்த அதிகாரம்?"

"அன்னைக்கும் இருந்துச்சு. நீங்க கேக்கலையே?"

"என்னைப் பேசவே கூடாதுன்னீங்க!"

"அதான் சொல்றேன். நீங்க கேக்கலை."

பக்கத்தில் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அக்காவுக்கு அந்த ஆளை அப்படியே தூக்கிக் கொதிதொட்டியில் போடலாம் போலிருந்தது. போட்டாலும் வெளுக்காது. ஆனால் இடம் கிடைக்கப்போகிறது என்ற நினைப்பில் கண் தளும்பியது, அதை மறைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. இந்த ஆளிடமிருந்து வாங்கினாலும் இடம் இடம்தான். தங்கையின் கைக்காக ஒருத்தி கோர்ட்டில் எழுந்து நிற்பாள்.

"சரிங்க. உத்தரவு போடுங்க."

முதல்வருக்கு உயிர் வந்தது. "ரொம்ப சந்தோஷம். அடுத்த மாசம் மூணாவது வாரத்துல ஒரு அமர்வு போட்டு, அதுல இதை எடுத்து..."

"இல்லை சார். இங்கயே. இப்பவே."

"இப்பவேன்னா?"

"இப்பவேன்னா இப்பவே. பேனா இருக்கா?"

உறையைக் கழற்றிக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, மேசையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து நாற்காலியையும் இழுத்துப் போட்டாள். முதல்வர் உட்கார்ந்தார். பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள். அவர் ஒரு தடவை எழுதி அடித்தார், மறுபடி எழுதினார். சேர்க்கை வழங்கப்படுகிறது என்ற இரண்டு சொல்லை எழுதுவதற்குள் நெற்றி வேர்த்துவிட்டது. கையெழுத்தும் போட்டார். அதற்குக் கீழே வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"என்ன சார்?" என்றாள் அக்கா.

முதல்வர் சுவரைப் பார்த்தார், அங்கே நாள்காட்டி இல்லை. சுற்றி நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் எழுதிய தேதிகளெல்லாம் இனிமேல் வரப்போகிறவை.

"இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்டார்.

அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. நீராவியக்கா தேதியைச் சொன்னாள். அவர் எழுதவில்லை. இரண்டாம் தடவை, எண் எண்ணாக, அவர் பேனா நகர நகரச் சொன்னாள்.